காகிதம் வந்த வழி – 14: கல்மூங்கில் காடும் கரும்புச் சக்கையும்

1962 டிசம்பரில் ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், பள்ளிபாளையத்தில், சேஷசாயி காகித ஆலை ஓடத் தொடங்கியது. அன்றைக்குப் பள்ளிபாளையமும் சேலம் மாவட்டம், இண்டூரும் சேலம் மாவட்டம். தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965 அக்டோபர் 2ஆம் தேதிதான். ஒரே கலெக்டரின் கீழ் இருந்த இந்த இரண்டு ஊர்களில் ஒன்றுக்கு ஆலை கிடைத்தது. இன்னொன்று காட்டுப் பக்கம் இருந்தது.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும் ஊர் இண்டூர். ஒகேனக்கல் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகும் ஊர். கேழ்வரகு, நிலக்கடலை, புளி, மரவள்ளி என்று மானாவாரியை நம்பிய பூமி. இங்கே காகித ஆலை எதுவும் இருந்ததில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் காகிதத் தொழிலுக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்ள ஆலை வாசலில் நிற்பதைவிட இந்தச் சாலையில் நிற்பது மேல். மேற்கே போனால் மூங்கில் காடு, அதையும் தாண்டினால் காவிரி, சாலைக்கு இரு புறமும் கிழங்குக் காடு. ஆலைக்குத் தேவையான மூன்றும் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன. ஆலை மட்டும் ஆற்றோடு கீழே இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டது.

தொடரை முதலிலிருந்து படித்து வருபவர்களுக்குப் பொறையாறு நினைவிருக்கும். கிறித்தவ மதபோதகர் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கிய 1714இலேயே அவருக்கு வந்த முதல் தலைவலி தாள்தான். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த தாள் போதவில்லை. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகளோ பெரியவை, பக்கத்தைத் தின்றன. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பொறையாற்றில் ஒரு காகிதப் பட்டறையும் வைத்துப் பார்த்தார்கள். பட்டறை நிலைக்கவில்லை. கடுதாசிப் பட்டறை என்ற பெயர் மட்டும் அந்த ஊரில் தங்கிவிட்டது. நம் நாட்டில் காகிதத்தின் கதையை எங்கே தொட்டாலும் பற்றாக்குறையில்தான் போய் முட்டுகிறது.

கையால் செய்த தாளுக்குக் கந்தல் துணி போதும். இயந்திரத்துக்குப் போதாது. வங்காளத்தில் 1882இல் டிட்டாகர் ஆலை வந்தபோது சபாய் புல்லை நம்பினார்கள். புல்லுக்கும் எல்லை உண்டு. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் வில்லியம் ரெயிட் பல ஆண்டுகள் மூங்கிலை வேகவைத்துப் பார்த்து, நல்ல கூழ் எடுக்கும் வழியைக் காட்டினார். அந்தத் தொழில் வளர்வதற்காகவே 1925இல் ஆங்கிலேய அரசு மூங்கில் காகிதத் தொழில் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. இறக்குமதித் தாளுக்கு வரி, உள்ளூர் ஆலைக்கு நிழல். அங்கிருந்து இந்தியக் காகிதம் என்றால் மூங்கில் என்று ஆனது. 1936இல் பத்ராவதியில் மைசூர் காகித ஆலை, 1950களில் தாண்டேலியில் மேற்குக் கடற்கரை ஆலை என ஆலைகள் காட்டை ஒட்டியே முளைத்தன.

பள்ளிபாளையமும் இந்த வரிசையில் வந்ததுதான். சேஷசாயி குழுமம் அமெரிக்கக் கூட்டாளியோடு சேர்ந்து 1960இல் கம்பெனியைப் பதிவு செய்தது. ஆண்டுக்கு 20,000 டன் தொடக்கத் திறன். தண்ணீருக்குக் காவிரி, சரக்கு ஏற்றக் காவேரி ரயில் நிலையம், மூங்கிலுக்குச் சேலம், தருமபுரி, கோவைக் காடுகள்.

பென்னாகரத்துக்கு அப்பாலும் ஓசூர், தேன்கனிக்கோட்டை மலைகளிலும் வளர்ந்தது பெரும்பாலும் கல்மூங்கில். உள்ளே பொந்து குறைவு, கெட்டி அதிகம். அதன் நார் பல மரங்களின் நாரைவிட நீளம். அதனால் தாள் கிழியாது. துண்டு துண்டாக வெட்டி, காஸ்டிக் சோடா கலந்த ரசாயனக் கரைசலில், மூடிய கொதிகலனில் அழுத்தத்தோடு வேகவைத்தால் மரப்பசை கரைந்து நார் மட்டும் மிஞ்சும். அந்த நார்க் கூழைக் கழுவி, வெளுத்து, கம்பி வலையின் மேல் பாய்ச்சி, நீரை வடித்து, சூடான உருளைகளில் உலர்த்தினால் தாள். வேகவைத்த கரைசலை ஆலைக்காரர்கள் பிளாக் லிக்கர் என்கிறார்கள். அதைச் சுண்டக் காய்ச்சி எரித்தால் நீராவியும் கிடைக்கும், சோடாவும் திரும்பக் கிடைக்கும். அப்படி எரிக்க வசதியில்லாத சின்ன ஆலைகள் அதை அப்படியே ஓடையில் விட்ட காலமும் இருந்தது.

காட்டில் மூங்கிலுக்குக் காத்திருந்தவர்கள் ஆலைக்காரர்கள் மட்டுமா? கூடையும் முறமும் முடைகிறவர்கள் இருந்தார்கள். தருமபுரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு, புழு கூடு கட்டும் சந்திரிகை எனும் வட்டத் தட்டுக்கு மூங்கில் வேண்டும். வீட்டுக் கூரைக்கு, தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுக்க, பந்தலுக்கு, பாடைக்கு என எல்லாவற்றுக்கும் வேண்டும். இவர்கள் சந்தை விலை கொடுத்தார்கள். ஆலைகளுக்கு அரசு ஒப்பந்த விலை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் 1970களில் ஆய்வு செய்த சூழலியலாளர் மாதவ் காட்கில் இந்த வித்தியாசத்தை அம்பலப்படுத்தினார். டன் ஒன்றரை ரூபாய் என்ற கணக்கில் அங்கே ஆலைக்கு மூங்கில் போய்க்கொண்டிருந்தது. கூடை முடைபவர் கொடுத்த விலையோ அதைப்போல் பல நூறு மடங்கு.

காட்கில் கண்ட இன்னொரு விஷயம் அதைவிடச் சுவையானது. மூங்கில் புதரின் அடியில் முள் சுற்றிக்கொண்டு கிடக்கும். அதை அப்புறப்படுத்தினால் புதர் நெருக்கமில்லாமல் நன்றாக வளரும் என்று வனத்துறை நம்பியது. ஊர்க்காரர்கள் தலையாட்டவில்லை. முள்ளை எடுத்தால் குருத்தை மாடு மேய்ந்துவிடும், குரங்கும் முள்ளம்பன்றியும் தின்றுவிடும், அப்புறம் எங்கிருந்து மூங்கில் என்றார்கள். அளந்து பார்த்ததில் ஊர்க்காரர்கள் சொன்னதே சரியாக இருந்தது. ஆலைக் கணக்கு எழுதும் மேசைகளில் குருத்துக்குப் பத்தி கிடையாது என்பதுதான் விஷயம்.

போதாததற்கு மூங்கிலுக்கே ஒரு குணம் உண்டு. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பகுதியில் இருக்கும் புதர்கள் மொத்தமாகப் பூக்கும், விதையைக் கொட்டும், கூண்டோடு சாகும். விதையிலிருந்து முளைத்து வெட்டுக்கு வர மறுபடி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தினமும் லாரி லாரியாகக் கேட்கும் ஆலைக்கு இந்தக் காத்திருப்பு ஆகாது. காடு வேகமாகத் தீர்ந்தது. கொஞ்ச காலம் தைலமரத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். 1974இல் தொடங்கிய தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் வறண்ட நிலங்களில் தைலமரத்தை நட்டு ஆலைகளுக்குக் கொடுத்தது. சிறுமுகையில் செயற்கைப் பட்டு நூலுக்காக மரக்கூழ் எடுத்த விஸ்கோஸ் ஆலைக்கு நீலகிரி மரங்கள் இறங்கின. அந்த ஆலையின் கழிவால் பவானி ஆறு கெட்டது, அதன் பாசன விவசாயிகள் 1990களில் போராடினார்கள். அது தனிக் கதை, வேறொரு அத்தியாயத்தில் வரும்.

1988இல் வந்த தேசிய வனக் கொள்கை, காட்டை நம்பிய ஆலைகள் இனி விவசாயிகளிடம்தான் மரம் தேட வேண்டும், சலுகை விலைக்குக் காட்டு மரம் கிடையாது என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டுக்கு அது பெரிய அதிர்ச்சியாக இல்லை. காரணம், அதற்குப் பத்தாண்டு முன்பே இங்கே வேறு வழி தேட ஆரம்பித்திருந்தார்கள்.

அந்த வழிக்கு உந்துதல் பத்திரிகைகளிடமிருந்து வந்தது. சுதந்திரத்துக்குப் பின் செய்தித்தாள் காகிதம் கட்டுப்பாட்டில் இருந்தது. 1962இல் வந்த கட்டுப்பாட்டு உத்தரவின்படி எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு என்று டெல்லிதான் முடிவு செய்யும். உள்நாட்டில் செய்தித்தாள் காகிதம் தயாரித்த பெரிய ஆலை மத்தியப் பிரதேசத்தின் நேபாநகர். 1956இல் நேரு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அது மட்டும் போதுமா? 1970களில் எண்ணெய் விலை ஏறியதும் இறக்குமதிச் செலவு தாங்கவில்லை. அந்த நிலையில் தமிழ்நாடு அரசு 1979 ஏப்ரலில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைப் பதிவு செய்தது. உலக வங்கி கடன் கொடுத்தது. இடம் கரூரை அடுத்த புகளூர், மறுபடியும் காவிரிக் கரை. ஊர்ப் பெயரே காகிதபுரம் ஆயிற்று.

மூலப்பொருள், கரும்புச் சக்கை.

சக்கையில் செய்தித்தாள் காகிதம் செய்வதை அப்போது உலகில் மிகச் சிலரே முயன்றிருந்தார்கள். சந்தேகப்பட்டவர்கள் அதிகம். அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. ஒரு டன் கரும்பை ஆட்டினால் சுமார் 300 கிலோ சக்கை வரும். அதில் பாதி ஈரம். மீதியில் மூன்றில் ஒரு பங்கு நாரே இல்லாத சோறு, கரும்பின் நடுவே இருக்கும் பஞ்சு போன்ற பாகம். அது ரசாயனத்தைக் குடிக்கும், வலையை அடைக்கும், தாளில் புள்ளி புள்ளியாக நிற்கும். அதை அடித்து உதறிப் பிரித்தெடுத்துக் கொதிகலனில் எரிபொருளாகப் போடுகிறார்கள். அடுத்த சிக்கல் பருவம். சர்க்கரை ஆலை சில மாதங்கள்தான் ஓடும், காகித ஆலைக்கு ஆண்டு முழுக்கச் சக்கை வேண்டும். காய விட்டு வைத்தால் தீப்பிடிக்கும், புளித்து நார் கெடும். ஆகவே காகிதபுரத்தில் சக்கையை மலை மலையாகக் குவித்து, மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே வைத்திருக்கும் முறையைக் கையாண்டார்கள். அந்த மேட்டுக்குப் பக்கத்தில் நின்றால் பழங்கஞ்சியும் வெல்லப்பாகும் கலந்த ஒரு புளித்த வாடை அடிக்கும். வடிந்து வரும் நீரிலிருந்து பிற்காலத்தில் மீத்தேன் எடுத்து எரிபொருளாக்கினார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் வேறு. சர்க்கரை ஆலைக்குச் சக்கை குப்பை கிடையாது, அதுதான் அதன் விறகு. விறகைக் கேட்டால் எவர் கொடுப்பார்? அதற்குக் கண்ட உபாயம் பண்டமாற்று. நீ சக்கையைக் கொடு, அதற்கு ஈடான நீராவிக்கு நிலக்கரியும் கொதிகலனும் நான் தருகிறேன். இயந்திரப் பொறியியலைவிட இந்த ஒப்பந்தப் பொறியியல்தான் காகிதபுரத்தைக் காப்பாற்றியது என்று சொல்வது மிகையாகாது. 1984இல் உற்பத்தி தொடங்கியது. ஆண்டுக்கு 90,000 டன் திறன். 1990களின் நடுவில் இரண்டாவது இயந்திரம் வந்து அது இரட்டிப்பானது. மூன்றாவது இயந்திரம் வந்த பிறகு நான்கு லட்சம் டன். பள்ளிபாளையம் ஆலைக்குப் பக்கத்திலேயே 1984இல் பொன்னி சர்க்கரை ஆலை எழுந்தது. அங்கே காகித ஆலையின் சுத்திகரித்த கழிவுநீர் கரும்புக்குப் பாயும், கரும்பின் சக்கை காகித ஆலைக்கு வரும்.

ஒரு வேடிக்கை. செய்தித்தாள் காகிதத்துக்காகவே பிறந்த காகிதபுரம் இன்று முக்கியமாகச் செய்வது எழுதவும் அச்சிடவுமான வெள்ளைத் தாள். 1990களின் நடுவில் செய்தித்தாள் காகித இறக்குமதி தடையின்றித் திறந்துவிடப்பட்டது. கனடாவோடும் ரஷ்யாவோடும் விலையில் மல்லுக்கட்ட முடியவில்லை. நோட்டுப் புத்தகத்திலும் ஜெராக்ஸ் தாளிலும் லாபம் இருந்தது. பெயரில் செய்தித்தாள் அப்படியே நிற்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களின் தாளில் கணிசமான பங்கு அங்கிருந்து வருவதுதான்.

இனி இண்டூருக்குத் திரும்பலாம். மூங்கில் வெட்டு நின்ற பிறகும் இந்தப் பக்கத்துக்கும் ஆலைக்கும் உள்ள உறவு அறுந்துவிடவில்லை. உறவு இப்போது கிழங்கு வழியாக. சேலம், நாமக்கல், தருமபுரி மூன்றும் மரவள்ளி மாவட்டங்கள். இங்கே தோண்டும் கிழங்கு லாரி ஏறிச் சேகோ ஆலைக்குப் போகிறது. ஒரு பங்கு ஜவ்வரிசியாகிறது, மீதி ஸ்டார்ச் மாவு. அந்த மாவை வாங்குபவர்களில் நூற்பாலைகளும் உண்டு, காகித ஆலைகளும் உண்டு. உலர்ந்த தாள் இரண்டு உருளைகளுக்கு நடுவே போகும்போது இருபுறமும் மெல்லிய ஸ்டார்ச் கஞ்சி பூசப்படுகிறது. அந்தக் கஞ்சி இல்லையென்றால் பேனா மை பரவிவிடும், அ எழுதினால் குளமாகிவிடும். பையன் நோட்டில் எழுதும் வரி நிற்பதற்கு ஏதோ ஒரு மரவள்ளிக் காட்டின் மண்ணும் காரணம் என்பது ஆலைக்காரர்கள் அதிகம் பேசாத செய்தி. மக்காச்சோள மாவும் போட்டிக்கு இருப்பதால் மரவள்ளிக்கு விலை ஏறுவதில்லை. 2020இல் மாவுப்பூச்சி வந்து பயிரை உலுக்கியபோதும் பாதிப்பு விவசாயியோடு நின்றது.

இரண்டாவது உறவு வரப்பு வழியாக. 2004 வாக்கில் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் காகித ஆலைகளும் சேர்ந்து ஒப்பந்த மரச் சாகுபடியைப் பரப்பின. சவுக்கு, தைலமரம், மலைவேம்பு. ஆலை நாற்றுத் தரும், வெட்டுக்கு வரும்போது வாங்கிக்கொள்ளும். கிணறு வற்றிய, ஆள் கிடைக்காத மேட்டு நிலக்காரருக்கு இது வசதியான பயிர். நட்டுவிட்டுப் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விடலாம். தருமபுரி மாவட்டத்தில் அப்படிப் போகிற குடும்பங்களுக்குக் குறைவில்லை. ஆனால் தைலமரம் நிலத்தடி நீரை இழுக்கிறது என்ற குற்றச்சாட்டு ஓயவில்லை. பக்கத்துக் கர்நாடகம் 2017இல் புதிதாகத் தைலமரம் நடுவதற்கே தடை போட்டது. ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்துப் பல் கறையேறிய ஊர்கள் உள்ள மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல்தான் வந்தது. இங்கே எந்த மரம், எவ்வளவு ஆழத்து நீர் என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

சக்கைக்கும் இதே கேள்விதான். தமிழ்நாட்டின் சர்க்கரை உற்பத்தி 2011-12இல் 23 லட்சம் டன்னைத் தாண்டியிருந்தது. வறட்சியாலும், ஆலைகள் வைத்த நிலுவையால் மனம் வெறுத்த விவசாயிகள் வேறு பயிருக்குப் போனதாலும் 2017-18இல் ஏறத்தாழ ஏழு லட்சம் டன்னாகச் சுருங்கியது. தருமபுரியின் பாலக்கோடு கூட்டுறவு ஆலையில் கரும்பு போதாமல் அரவை நின்ற பருவங்கள் உண்டு. கரும்பு குறைந்தால் சக்கை குறையும். இருக்கும் சக்கையையும் மின்சாரம் தயாரிக்க எரிக்கவே பல சர்க்கரை ஆலைகள் விரும்புகின்றன. அதனால் சக்கையால் புகழ்பெற்ற காகிதபுரம் மரக்கூழ்ப் பக்கம் சாய வேண்டியதாயிற்று. 2016இல் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் தொடங்கிய இரண்டாவது ஆலை, ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் அட்டை தயாரிக்கும் ஆலை. மருந்துப் பெட்டி, பற்பசைப் பெட்டிக்கான பூச்சு அட்டை. அதற்கான கூழ் பெரும்பாலும் மரத்திலிருந்து.

மரப் பசியில் ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. முதுமலைப் பக்கம் காட்டை அடைத்துக்கொண்டு பரவிய மஞ்சள் கொன்றை எனும் அந்நிய மரத்தை வெட்டி அப்புறப்படுத்தும் வேலையில் வனத்துறை காகிதபுரம் நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டது. காட்டைப் பிடித்த களை ஆலையில் கூழாகிறது. காடு ஆலைக்குக் கொடுத்தே இளைத்த இந்த வரலாற்றில், கொடுப்பதால் காட்டுக்கு நன்மை வந்தது இந்த ஒரு இடத்தில்தான்.

இந்தியாவில் இன்று எண்ணூறுக்கு மேற்பட்ட காகித ஆலைகள் கணக்கில் இருக்கின்றன. அவற்றில் ஓடுபவை குறைவு. நாட்டின் தாளில் பெரும்பங்கு பழைய பேப்பரிலிருந்து வருகிறது, மரத்திலும் சக்கையிலும் இருந்து வருவது மீதிதான். ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 15 கிலோ தாள் பயன்படுத்துகிறோம். உலகச் சராசரி 50 கிலோவுக்கு மேல். ஆக, சந்தை இன்னும் வளரும். ஆனால் அந்த வளர்ச்சி யாருக்குப் போகும் என்பதில்தான் சண்டை. 2010இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தத்தின் வழியாக இந்தோனேசியத் தாள் வரியில்லாமல் வருகிறது. சுமத்ராவில் ஆலையைச் சுற்றியே ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் வேல மரத் தோட்டம். இங்கே ஒரு ஆலை நூற்றுக்கணக்கான விவசாயிகளின் வரப்பிலிருந்து மரம் சேர்க்க வேண்டும். மரத்தின் அடக்க விலையே இங்கே அதிகம். ஆலைகள் டெல்லியில் மனுக் கொடுக்கும்போதெல்லாம் இறக்குமதி வரியை முதலில் கேட்கின்றன. 2025இல் பூச்சு இல்லாத நோட்டுத் தாளுக்கும் பள்ளி நோட்டுகளுக்கும் ஜிஎஸ்டி நீக்கப்பட்டு, மற்ற தாள்களுக்கு 12லிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. சிவகாசியில் டைரியும் காலண்டரும் அச்சடிப்பவர்கள் அந்த உயர்வைச் சுமக்கிறார்கள்.

வரியைப் பற்றிப் பேசுவது நியாயம்தான். ஆனால் அறுபது ஆண்டுக் கணக்கைப் புரட்டினால் மூலப்பொருளுக்கு ஆலை தடுமாறியபோதெல்லாம் அதற்கு ஒரு முக்கியக் காரணம் அதைக் கொடுத்தவருக்கு உரிய விலை போகாததுதான். மூங்கிலைச் சல்லிக்காசுக்கு வாங்கினார்கள், மூங்கில் தீர்ந்தது. கரும்புக்கு நிலுவை வைத்தார்கள், கரும்பு போனது. சவுக்கையும் மலைவேம்பையும் நட்டிருக்கும் விவசாயிக்கு, வெட்டும் நாளில் டன் என்ன விலை என்பதை நடும் நாளிலேயே எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். அரசு முக்கியப் பங்குதாரராக இருக்கும் காகிதபுரம் அதை முதலில் செய்யலாம்.

அடுத்த இதழில் கடல் தாண்டிப் போகிறோம். மட்டக்களப்பு மாவட்டத்தின் வாழைச்சேனையில் வைக்கோலையும் இலுக்குப் புல்லையும் நம்பி எழுந்த ஆலையின் கதை.

(தொடரும்)